பிரேக் மிதித் தளர்வு

பிரேக் மிதித் தளர்வு என்பது, நீர்ம அழுத்தத்தால் இயங்கும் பிரேக் அமைப்பைக் கொண்ட ஊர்திகளில், மிதியை அழுத்தும்போது அது வழக்கமான உயரத்தில் உறுதியாக நிற்காமல் பஞ்சுபோல் அமுங்குவதையோ தரைவரை இறங்கிவிடுவதையோ குறிக்கும். இந்நிலை பல காரணங்களால் தோன்றக்கூடும். எனினும் தேய்ந்த பிரேக் பேடுகளை மாற்றிய உடனேயே இது தோன்றுவது மிகப் பரவலாகக் காணப்படுகிறது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதனைப் "பிரேக் இறங்குது" என்பர். அதற்குக் காரணமாக முதலில் சொல்லப்படுவது "ஏர் இருக்கு" என்பதாகும்.

அக்காரணம் பல வேளைகளில் பொருந்துவதில்லை. பேடுகளை மாற்றும் பணியில் நீர்மச் சுற்றின் எந்த இணைப்பும் திறக்கப்பட வேண்டியதில்லை. திறக்கப்படாத சுற்றுக்குள் காற்று தானாக நுழைவதும் அரிது. எனவே பேடு மாற்றியபின் மிதி தளர்ந்திருந்தால், பணியின்போது எது திறக்கப்பட்டது, எது நகர்த்தப்பட்டது, எது தவறாகப் பொருத்தப்பட்டது என்று பார்ப்பதே முதல் ஆய்வாகும். காற்று நீக்கும் பணியை உடனே தொடங்குவது, இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பதாக முடிவதோடு, புதிதாகக் காற்றை உள்ளே விடுவதற்கும் வழி செய்யலாம்.

இக்கட்டுரை முன்சக்கரங்களில் வட்டு பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் கொண்ட சிறிய கார்களை முதன்மையாகக் கருதி எழுதப்பட்டுள்ளது. இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை இவ்வகையின. மிதி உறுதியாகும்வரை ஊர்தியைச் சாலையில் ஓட்டுதல் கூடாது. "மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்" என்பதும் இதில் அடங்கும்.

அமைப்பும் இயங்கும் முறையும்

மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பிளேசு பாசுகல் (1623–1662) கண்ட விதியாகும். இவ்விதியைக் கார்களின் பிரேக்கில் பயன்படுத்தியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான மால்கம் லாக்கீடு. 1921 ஆம் ஆண்டில் வெளிவந்த டியூசன்பெர்க் மாடல் ஏ நான்கு சக்கரங்களிலும் நீர்ம பிரேக் கொண்ட தொடக்கக் காலக் கார் ஆகும். வட்டு பிரேக்குக்கு 1902 ஆம் ஆண்டிலேயே பிரித்தானியாவில் பிரெடரிக் லான்செசுடர் காப்புரிமை பெற்றார். ஆயினும் 1953 ஆம் ஆண்டு லெ மான்சு பந்தயத்தில் டன்லப் வட்டு பிரேக்குகள் பொருத்திய ஜாகுவார் கார் வென்ற பின்னரே அது பரவலான கவனத்தைப் பெற்றது.

ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது, நெம்புகோலாகச் செயல்படும் மிதி மாஸ்டர் சிலிண்டரின் தண்டைத் தள்ளுகிறது. அங்கிருந்து நீர்மம் உலோகக் குழாய்கள் வழியாகவும் சக்கரத்தருகே வளையும் ரப்பர் குழல்கள் வழியாகவும் சென்று காலிப்பரிலுள்ள பிஸ்டனை வெளித்தள்ளுகிறது. பிஸ்டன் உட்புறப் பேடை வட்டின்மீது அழுத்துகிறது. சிறிய கார்களில் காலிப்பர் நிலையாகப் பொருத்தப்படாமல் இரண்டு ஊசிகளின்மீது நழுவும்படி அமைந்திருப்பதால், எதிர்விசையினால் காலிப்பர் முழுவதும் நகர்ந்து வெளிப்புறப் பேடையும் வட்டின்மீது அழுத்துகிறது. இவ்வகை நழுவு காலிப்பர் எனப்படும்.

பிஸ்டனைச் சுற்றிச் சதுரக் குறுக்குவெட்டு கொண்ட ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அழுத்தும்போது இவ்வளையம் சற்று முறுகுகிறது. மிதியை விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைத் தலைமயிர் அளவே பின்னிழுக்கிறது. பேடு தேயத் தேயப் பிஸ்டன் வளையத்தின் வழியே வழுக்கி முன்னேறி, அந்தப் புதிய இடத்திலேயே தங்கிவிடுகிறது. இதனால்தான் வட்டு பிரேக்கிற்குத் தனியே இறுக்கம் சரிசெய்யும் வேலை தேவைப்படுவதில்லை. தளர்வைப் புரிந்துகொள்ள இந்தச் சிறிய வளையத்தின் செயலை நினைவில் கொள்வது உதவும்.

மிதியின் உணர்வும் காரணமும்

"மிதி மென்மையாக இருக்கிறது" என்ற ஒரே சொற்றொடரால் மூன்று வேறு நிலைகள் குறிக்கப்படுகின்றன. இவற்றைப் பிரித்தறிந்தாலே பாதி ஆய்வு முடிந்துவிடும்.

முதலாவது, மிதி வெகுதூரம் எளிதாக இறங்கிப் பின்னர் கல்லைப்போல் உறுதியாக நிற்பது. இங்கு நீர்மம் குறைபாடின்றி இருக்கிறது. எங்கோ அளவுக்கு மீறிய இடைவெளி இருக்கிறது. இரண்டாவது, மிதி எந்த இடத்திலும் உறுதியாக நிற்காமல், அழுத்த அழுத்த இன்னும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே போவது. இது சுருங்கும் பொருள் ஒன்றோ வளையும் பொருள் ஒன்றோ சுற்றில் இருப்பதைக் காட்டும். மூன்றாவது, மிதி முதலில் உறுதியாக நின்று, காலை எடுக்காமல் சீராக அழுத்திக்கொண்டிருக்கையில் மெல்ல மெல்லத் தரையை நோக்கி அமிழ்வது. இது கசிவின் அடையாளம். அக்கசிவு வெளியே தெரியலாம், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே மறைந்தும் இருக்கலாம்.

இந்த ஆய்வை எஞ்சினை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். கார்களில் மிதியின் விசையைப் பெருக்க வெற்றிட பூஸ்டர் பொருத்தப்பட்டுள்ளது. எஞ்சின் ஓடும்போது மிதி இயல்பாகவே இலகுவாக இருக்கும். நின்ற காரில் வலுவாக அழுத்தினால் நல்ல மிதியும் சற்று ஆழமாக இறங்கும். பிரேக்கில் புதிதாகக் கை வைத்தவர்கள் இதனைக் குறையென்று எண்ணி அலைவதுண்டு. எஞ்சினை நிறுத்தி, நான்கைந்து முறை மிதித்து பூஸ்டரில் எஞ்சியுள்ள வெற்றிடத்தை நீக்கிவிட்டு, அதன்பின் உணர்வதே மிதியின் உண்மை நிலை. அவ்வாறு அழுத்தியபடியே எஞ்சினை இயக்கினால் மிதி சிறிதளவு கீழிறங்கும். அது பூஸ்டர் வேலை செய்வதற்கான சான்றே தவிர குறையன்று.

பின்தள்ளிய பிஸ்டன்

பேடு மாற்றியபின் வரும் தளர்வில் மிகப் பொதுவானதும் மிக எளிதில் தீர்வதும் இதுவே. புதிய பேடு தடித்தது. அதற்கு இடம் கொடுப்பதற்காகப் பிஸ்டனைக் காலிப்பருக்குள் முழுவதும் தள்ளிவிடுவர். பேடைப் பொருத்திய பின்னர் பிஸ்டனுக்கும் பேடுக்கும் இடையே சிறிது இடைவெளி எஞ்சும். அந்த இடைவெளியை நிரப்பும்வரை மிதிக்கு எதிர்ப்பு இராது.

இந்த இடைவெளி மிதியில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 54 மி.மீ. என்றும், மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 22 மி.மீ. என்றும் கொள்வோம். பரப்புகளின் விகிதம் ஏறத்தாழ 6. அதாவது ஒரு காலிப்பரில் 1 மி.மீ. இடைவெளியை நிரப்ப மாஸ்டர் சிலிண்டர் தண்டு 6 மி.மீ. நகர வேண்டும், இரு முன்சக்கரங்களுக்கும் சேர்த்து 12 மி.மீ. மிதியின் நெம்புகோல் விகிதம் 5 எனில், மிதி 60 மி.மீ. இறங்கும். இடைவெளி 2 மி.மீ. ஆனால் 120 மி.மீ.; பல கார்களில் அதற்குள் மிதி தரையைத் தொட்டுவிடும். காலிப்பரில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத இடைவெளி, மிதியில் ஒரு சாண் பள்ளமாகத் தோன்றுவது இதனாலேயே.

தீர்வு, ஊர்தியை நகர்த்தும் முன் மிதியைப் பலமுறை அழுத்தி விடுவதேயாகும். ஒவ்வொரு முறை மிதியை விடும்போதும் கலத்திலிருந்து புதிய நீர்மம் மாஸ்டர் சிலிண்டருக்குள் இறங்குகிறது. காலிப்பர் பிஸ்டனோ, மேற்கூறிய சதுர வளையத்தின் பிடியால், முன்னேறிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. வழக்கமாகச் சில அழுத்தங்களுக்குள் மிதி மேலெழுந்து உறுதியாகிவிடும். பழைய ஊர்திகளில் இதைத் தரைவரை ஓங்கி மிதித்துச் செய்தல் ஆகாது. மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவரில், அன்றாடம் ரப்பர் உறை சென்று வராத பகுதியில் துருவும் படிவும் சேர்ந்திருக்கும். உறை அங்கே உராய்ந்தால் கிழிந்துவிடும். பேடு மாற்றப் போய் மாஸ்டர் சிலிண்டர் மாற்ற நேர்வது பெரும்பாலும் இப்படித்தான். மிதியின் கீழே ஒரு மரத்துண்டை வைத்துக்கொண்டு அரைப்பங்கு ஆழம் மட்டும் அழுத்துவது நல்ல வழக்கம்.

இவ்வாறு மிதித்து உறுதியான பிறகு ஓரிரு நிமிடங்கள் காத்திருந்து மீண்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். மிதி முன்போலவே உயரத்தில் நின்றால் வேலை முடிந்தது. மீண்டும் இறங்கியிருந்தால் காரணம் வேறு. அது கீழ்வரும் பகுதிகளில் உள்ளது.

பணி முடித்தவர் மிதிக்க மறந்து காரைப் பின்னோக்கி எடுத்து, சுவரில் மோதுவது எல்லாப் பட்டறைகளிலும் சொல்லப்படும் கதை. முதல் அழுத்தத்தில் கார் நிற்காது என்பது தெரியாமல் வாடிக்கையாளரிடம் சாவி கொடுக்கப்படுவது அதனினும் கொடிது. சக்கரத்தைப் பூட்டியதும் சாவியைத் தொடும் முன் மிதியைத் தொடுவது பழக்கமாக இருக்க வேண்டும்.

காற்று புகும் வழிகள்

பேடு மாற்றும்போது காற்று புகுந்திருக்குமானால், அதற்கென ஒரு நிகழ்வு இருந்தே தீரும். அவற்றுள் முதன்மையானது ப்ளீடர் திருகைத் திறப்பதாகும். பிஸ்டனைப் பின்தள்ளும்போது பழைய அழுக்கு நீர்மம் மேல்நோக்கிச் செல்லாமல் இருக்கும்பொருட்டு, காலிப்பரிலுள்ள இத்திருகைத் திறந்து நீர்மத்தை வெளியேற்றுவோர் உண்டு. இது நல்ல முறையே. ஆயினும் திருகை மூடும் முன் பிஸ்டன்மீதுள்ள அழுத்தத்தை விட்டுவிட்டால், பிஸ்டன் சற்றே திரும்பும் அந்த நொடியில் காற்று உறிஞ்சப்படும்.

அடுத்தது, காலிப்பர் கழற்றப்பட்டிருக்கும் வேளையில் யாரேனும் மிதியை அழுத்திவிடுவது. பிஸ்டன் வெளியே வந்து விழுந்தால் நீர்மமும் கொட்டி, காற்றும் நிறைந்துவிடும். நீர்மக் கலத்தில் அளவு குறைந்து காற்று இறங்குவதும் உண்டு. இதற்கு நேர்மாறான தவறும் வழக்கில் உள்ளது. பேடு தேயத் தேயக் கலத்தில் நீர்ம மட்டம் தாழ்வது இயல்பு. அதைப் பார்த்து முன்னரே கலத்தை விளிம்புவரை நிரப்பியிருப்பர். மேற்கண்ட 54 மி.மீ. பிஸ்டனை 16 மி.மீ. பின்தள்ளினால் ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 37 மி.லி. நீர்மம் கலத்துக்குத் திரும்பும். நிரம்பிய கலம் வழிந்து வண்ணப்பூச்சைக் கெடுக்கும். வழிவதைக் கண்டு உறிஞ்சி எடுப்போர் அளவுக்கு மீறி எடுத்துவிட்டு, பின்னர் மிதிக்கும்போது கலம் காலியாகிக் காற்று புகுவதும் நேர்ந்துள்ளது.

இரு காலிப்பர்களையும் கழற்றிச் சுத்தம் செய்தவர்கள் இடமும் வலமும் மாற்றிப் பொருத்துவது மற்றொரு காரணம். பல கார்களில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப் போட்டாலும் பொருந்தும். அவ்வாறு பொருத்தினால் ப்ளீடர் திருகு காலிப்பரின் அடிப்பக்கத்தில் அமைந்துவிடும். காற்றுக்குமிழி மேலேயும் வழி கீழேயும் இருப்பதால், எத்தனை முறை நீக்கினாலும் மிதி உறுதியாகாது. இரண்டு புட்டி நீர்மம் செலவழித்தும் மிதி தளர்ந்தே இருக்கிறது என்ற முறையீடு வரும்போது, திருகு மேலே இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நொடி வேலை.

சிறிதளவு காற்று ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது எனில், நீர்மம் ஏறக்குறையச் சுருங்காது, காற்று சுருங்கும். 1 மி.லி. காற்று, வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்து மடங்கு அழுத்தத்தில் 0.1 மி.லி. ஆகிவிடும். இழந்த 0.9 மி.லி. இடத்தை ஈடுசெய்ய மேற்கண்ட எடுத்துக்காட்டில் மிதி கூடுதலாக 12 மி.மீ. இறங்க வேண்டும். அந்த இறக்கம் முழுவதும் பஞ்சுபோன்ற உணர்வுடன் இருக்கும். விரைவாகப் பலமுறை மிதித்தால் மிதி உயரும். சிறிது நேரம் விட்டால் மீண்டும் தாழும்.

பேடு பொருத்துவதில் நேரும் பிழைகள்

காற்று இல்லாமலே மிதி பஞ்சுபோல் இருப்பதற்குப் பெருங்காரணம், பேடின் பின்தகடு வட்டுக்கு இணையாக அமராமல் சாய்ந்திருப்பதாகும். பேடின் காதுகள் பொருந்தும் தாங்கியில், எஃகு நழுவுதகடுகளுக்கு அடியில் துரு வளர்ந்து தகட்டை மேலே தூக்கிவிடும். புதிய பேடு அங்கே இறுகி நகராது. அதனைச் சுத்தியலால் தட்டிப் பொருத்துவோர் உண்டு. பேடு கையால் தள்ளினால் நழுவ வேண்டும். தட்டித்தான் போகும் என்றால் துருவைச் சுரண்டி எடுக்க வேண்டும், அல்லது பேடு அந்த ஊர்திக்குரியதன்று.

சாய்ந்த பேடை வட்டின்மீது அழுத்தும்போது முதலில் ஒரு விளிம்பு மட்டும் தொடுகிறது. மேலும் அழுத்துகையில் தகடோ காலிப்பரோ வில்லைப்போல் வளைந்து கொடுக்கிறது. அந்த வளைவுதான் காலுக்கு மென்மையாகத் தெரிகிறது. நழுவு ஊசி இறுகிவிட்ட காலிப்பரிலும் இதே நிலைதான். ஊசியைச் சுத்தம் செய்து பிரேக்கிற்கென விற்கப்படும் சிலிக்கோன் வகை மசகை மெல்லியதாகத் தடவ வேண்டும். சாதாரணக் கிரீஸ் ரப்பரை உப்பச் செய்யும். ஓரிரு மாதங்களில் ஊசி மேலும் இறுகும்.

பேடின் பின்னே ஒலி அடக்கும் மெல்லிய தகடுகள் வைக்கப்படுகின்றன. புதிய பேடுடன் தகடு ஒட்டியே வந்திருக்க, பழைய தகட்டையும் சேர்த்து வைப்பது அடிக்கடி நிகழ்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் ரப்பர் பூசிய தகடுகள் ஒவ்வொன்றும் சிறிது அமுங்கும். சில கார்களில் உட்புறப் பேடும் வெளிப்புறப் பேடும் வெவ்வேறு வடிவின. சிலவற்றில் பேடின் முதுகிலுள்ள சிறு குமிழ் பிஸ்டனின் பள்ளத்தில் அமர வேண்டும். குமிழ் விளிம்பின்மீது ஏறி நின்றால் பேடு கோணலாகும். இவை யாவும் சக்கரத்தைக் கழற்றிக் கண்ணால் பார்த்தே அறியக்கூடியவை. ப்ளீடர் திருகைத் தொடும் முன் இவற்றைப் பார்ப்பது நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

தேய்ந்த வட்டும் புதிய பேடும்

பழைய வட்டில் வளையம் வளையமாகப் பள்ளங்களும் வெளிவிளிம்பில் மேடும் இருக்கும். புதிய பேடு தட்டையானது. ஆதலால் மேடுகளை மட்டுமே தொடும். பேடு அந்த வடிவத்துக்குத் தேய்ந்து படியும்வரை மிதி சற்று மென்மையாகவும் பிரேக் பிடிப்பு குறைவாகவும் இருக்கும். இது சிறு அளவிலான தளர்வே. மிதி தரைக்குப் போவதற்கு இதனைக் காரணமாகக் கூற இயலாது. வட்டின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ குறைந்த அளவுத் தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். அதற்குக் கீழே தேய்ந்த வட்டில் புதிய பேடு போடுவது வீண் செலவு.

வட்டு நெளிந்திருந்தாலோ சக்கரத் தாங்கியில் ஆட்டம் இருந்தாலோ, சக்கரம் சுழலும்போது வட்டு பேடுகளை இடித்துப் பிஸ்டனைப் பின்தள்ளும். நிற்கும்போது உறுதியாக இருக்கும் மிதி, சற்றுத் தூரம் ஓடியபின் முதல் அழுத்தத்தில் மட்டும் தாழ்வாக இருப்பின் இதனை ஐயுறலாம்.

பின்சக்கரங்கள்

முன்பேடை மாற்றிவிட்டு முன்புறமே தேடிக்கொண்டிருப்பதால் பலருக்கும் தப்பிவிடுவது பின்புற டிரம். டிரமுக்குள் உள்ள காலணி வடிவக் கட்டைகளை வில்கள் ஒவ்வொரு முறையும் பின்னிழுக்கின்றன. தானியங்கி இறுக்கி துருப்பிடித்து நின்றுபோயிருந்தால் இடைவெளி பெருகியே இருக்கும். அப்போது மிதி தாழ்வாக இறங்கி உறுதியாக நிற்கும். பலமுறை மிதித்தால் உயரும். விட்டால் மறுபடி தாழும். காற்றின் குணங்களும் இவையே ஆயினும், டிரம் இடைவெளியில் பஞ்சுத்தன்மை இராது. கைபிரேக் நெம்புகோல் வழக்கத்தைவிட அதிகப் பற்கள் மேலேறுவது இதற்குத் துணைச் சான்று.

பின்சக்கரங்களிலும் வட்டு பிரேக் உள்ள கார்களில், கைபிரேக் இயங்குமுறை பல வேளைகளில் பிஸ்டனுக்குள்ளேயே இருக்கும். இப்பிஸ்டனை அழுத்தித் தள்ளலாகாது. அதற்குரிய கருவியால் திருகியபடி உள்ளே செலுத்த வேண்டும். திருகிச் செலுத்தியபின் கைபிரேக்கைப் பலமுறை இயக்கினால்தான் உள் இறுக்கி சரியான இடத்துக்கு வரும். மின்கைபிரேக் உள்ள கார்களில், தயாரிப்பாளர் கூறியுள்ள பழுதுபார்ப்பு நிலைக்கு மோட்டாரைக் கொண்டுசென்ற பிறகே பிஸ்டனைத் தொட வேண்டும். பணி முடிந்ததும் அந்நிலையிலிருந்து மீட்க மறந்தால் மிதி தாழ்வாகவே இருக்கும்.

மாஸ்டர் சிலிண்டர்

மிதியை நடுத்தர விசையுடன் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கையில் அது மெல்ல அமிழ்ந்து, நான்கு சக்கரங்களிலும் குழாய் இணைப்புகளிலும் ஈரம் எதுவும் இல்லையெனில், மாஸ்டர் சிலிண்டரின் உட்புற ரப்பர் உறைகள் வழியே நீர்மம் கலத்துக்குத் திரும்புகிறது என்று கொள்ளலாம். விந்தையாக, மெதுவாக அழுத்தும்போது அமிழும் மிதி, ஓங்கி அழுத்தும்போது உறுதியாக நிற்கலாம். உயர் அழுத்தத்தில் உறையின் விளிம்பு சுவரோடு ஒட்டிக்கொள்வதே காரணம். எனவே ஓங்கி மிதித்து மட்டும் பார்த்துவிட்டுச் சரியாக உள்ளது என முடிவு செய்தல் தவறு. போக்குவரத்து விளக்கில் காத்திருக்கும்போது மிதி இறங்குவதாக ஓட்டுநர் கூறினால் அச்சொல்லை நம்ப வேண்டும்.

இக்காலக் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் இரு அறைகளைக் கொண்டது. ஓர் அறைக்குரிய சுற்று முற்றும் செயலிழந்தாலும் மற்றதால் ஊர்தி நிற்கும். அப்போது மிதி பாதிக்குமேல் இறங்கிப் பின் உறுதியாகும். நிற்கும் தூரம் பெரிதும் கூடும். எச்சரிக்கை விளக்கும் எரியலாம்.

குறையுள்ள சக்கரத்தைக் கண்டறிதல்

மேற்கண்டவற்றைப் பார்த்தும் காரணம் விளங்காதபோது, சுற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆய்வர். ரப்பர் குழல்களை இறுக்குவதற்கென உருண்ட வாய்கொண்ட இடுக்கி உண்டு. அனைத்துக் குழல்களையும் இடுக்கியால் மூடிவிட்டு மிதித்தால், மிதி உடனே உயர்ந்து கல்லாக நிற்க வேண்டும். அவ்வாறு நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நல்ல நிலையில் உள்ளது. பின் ஒவ்வோர் இடுக்கியாக எடுத்துக்கொண்டே வரும்போது, எந்தச் சக்கரத்தைத் திறந்ததும் மிதி தளர்கிறதோ அங்கே குறை இருக்கிறது. எல்லாம் மூடிய நிலையிலும் தளர்ந்தால் மாஸ்டர் சிலிண்டரையோ ஏபிஎஸ் அலகையோ இடைக்குழாய்களையோ பார்க்க வேண்டும்.

சாதாரணக் குறடால் குழலை நசுக்குவது அதன் உட்சுவரைக் கிழித்துவிடும். எஃகுப் பின்னல் உறையிட்ட குழலையும் முதுமையால் வெடிப்பு விட்ட குழலையும் எந்த இடுக்கியாலும் இறுக்கலாகாது. மிதிக்கும்போது குழல் ஒன்று கண்ணுக்குத் தெரியும்படி உப்பினால், தளர்வின் காரணம் அந்தக் குழலே. காலிப்பரைக் கழற்றியதும் குழலில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும் என்று கையேடுகள் வற்புறுத்துவது குழலைக் காக்கவே.

காற்றை நீக்குதல்

காற்று இருப்பது உறுதியான பின்னரே இப்பணியைச் செய்ய வேண்டும். இருவர் சேர்ந்து செய்யும் பழைய முறை இன்றும் போதுமானது. ப்ளீடர் திருகில் ஒளிபுகும் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது நீர்மம் உள்ள புட்டிக்குள் மூழ்கவிடுவர். ஒருவர் மிதியை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் திருகைத் திறந்து குமிழி வெளியேறக் கண்டு மூடுவார். மூடிவிட்டேன் என்று இவர் குரல் கொடுத்த பின்னரே அவர் காலை எடுக்க வேண்டும். இந்தக் குரல் ஒழுங்கு தவறினால் வெளியேறிய குமிழி திரும்ப உள்ளே போகும். இடையிடையே கலத்தின் மட்டத்தைப் பார்த்து நிரப்புவதை மறத்தலாகாது. வெளியே வந்த நீர்மத்தைக் கலத்தில் திரும்ப ஊற்றுவதும் கூடாது.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அண்மையிலுள்ளதில் முடிப்பது மரபு. மூலைக்கு மூலை பிரிக்கப்பட்ட சுற்றுகளும் ஏபிஎஸ் அலகும் உள்ள கார்களுக்குத் தயாரிப்பாளரின் வரிசை வேறாக இருக்கலாம். அதையே பின்பற்ற வேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கலம் முற்றிலும் வற்றி ஏபிஎஸ் அலகுக்குள் காற்று சென்றுவிட்டால், அதன் வால்வுகளைக் கணினிக் கருவியால் இயக்கினால் அன்றி அக்காற்று முழுதும் வெளிவராமல் போகலாம். பேடு மட்டும் மாற்றிய காரில் இந்நிலை வருவது அரிது.

பிரேக் நீர்மம்

வழக்கில் இதனைப் "பிரேக் ஆயில்" என்பர். இப்பெயர் பெருந்தீங்குக்கு இடமளித்துள்ளது. பெரும்பாலான கார்களில் பயன்படும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 வகை நீர்மங்கள் எண்ணெயே அல்ல. கிளைக்கால் ஈதர் வகையைச் சார்ந்தவை. பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயையோ பவர் ஸ்டீயரிங் எண்ணெயையோ கலத்தில் சிறிதளவு ஊற்றினாலும் ரப்பர் உறைகளும் வளையங்களும் குழல்களும் உப்பிக் கெடும். கலத்தின் மூடியிலுள்ள ரப்பர் உறை உப்பி நெளிந்து மீண்டும் பொருந்தாமல் போவது இதன் முதல் அடையாளம். பிறகு கழுவிப் பயனில்லை. ரப்பர் உறுப்புகள் அனைத்தையும் மாற்ற நேரிடும்.

இந்நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 நீர்மத்தின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியசும், டாட் 4 இன் கொதிநிலை குறைந்தது 230 பாகையும் இருக்க வேண்டும் என்பது தரவரையறை. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலைக்கு இவ்வரம்புகள் முறையே 140, 155 பாகை என வரையறுக்கப்பட்டுள்ளன. மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஈரம் கலந்த நீர்மம் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். அப்போது மிதி திடீரெனத் தரைக்குப் போகும். ஆறியபின் ஒன்றும் நேராததுபோல் மேலெழும். குளிர்ந்த நிலையில் உறுதியாகவும் சூட்டில் மட்டும் தளர்வாகவும் உள்ள மிதிக்குப் புதிய பேடு காரணம் அன்று, பழைய நீர்மமே காரணம். உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்லும் முன் பேடு மாற்றுவோர், நீர்மம் எப்போது மாற்றப்பட்டது என்றும் கேட்பது நலம். டாட் 5 எனப்படுவது சிலிக்கோன் வகை. எண்ணால் அண்மையில் இருப்பதால் 5.1 உடன் குழப்பி மற்றவற்றோடு கலத்தல் கூடாது.

இருசக்கர ஊர்திகள்

மோட்டார் சைக்கிளின் முன்வட்டு பிரேக்கிலும் இதே விதிகள் செல்லும். மிதிக்குப் பதில் கைப்பிடி நெம்புகோல். அதன் மாஸ்டர் சிலிண்டர் மிகச் சிறியதாகையால், புதிய பேடு போட்டதும் பலமுறை இழுத்தால்தான் பிடிப்பு வரும். குழல் மாஸ்டர் சிலிண்டரோடு சேரும் இணைப்பே பெரும்பாலும் சுற்றின் மிக உயர்ந்த இடமாதலால், குமிழி அங்கே தங்கும். கீழேயுள்ள ப்ளீடர் திருகு வழியாக அது எளிதில் வராது. நெம்புகோலை ரப்பர்த் துண்டால் இழுத்துக் கட்டி இரவு முழுவதும் விட்டு வைப்பது பட்டறை வழக்கம். நுண்குமிழிகளுக்கு இது பயன் தருவதுண்டு. காலையில் உறுதியாக இருந்த நெம்புகோல் ஓரிரு நாளில் மீண்டும் தளர்ந்தால், காற்று வேறெங்கோ புகுந்துகொண்டிருக்கிறது என்பது பொருள்.

சாலையில் இறக்கும் முன்

எஞ்சினை நிறுத்திய நிலையில் மிதி உறுதியாகவும் ஒரே உயரத்திலும் நிற்கிறதா என்று பார்த்து, எஞ்சினை இயக்கி அரை நிமிடம் வலுவாக அழுத்திப் பிடித்து, பின் ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் ஈரம் உள்ளதா என நோக்க வேண்டும். கலத்தின் மட்டம் இரு கோடுகளுக்கும் இடையே இருக்க வேண்டும். அதன்பின் சமதளத்தில், நடை வேகத்தில், கைபிரேக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு முதன்முறை நிறுத்திப் பார்ப்பர்.

புதிய பேடுகள் வட்டோடு படிவதற்கு ஏறத்தாழ 200 முதல் 300 கிலோமீட்டர் ஓட்டம் தேவைப்படும். இக்காலத்தில் மிதமான வேகத்திலிருந்து மிதமான அழுத்தத்தில் பலமுறை வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிடுவது வழக்கம். பிடிப்பு சற்றுக் குறைவாக இருப்பது இந்நாள்களில் இயல்பு. மிதியின் உயரம் மட்டும் நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே போனால் அது படிதல் அன்று. ஊர்தியை நிறுத்தி மறுபடியும் சக்கரங்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.